ஒரு நாளைக்கு ஒரு லட்சம்

"ஏன் சார் விக்கிறீங்க?"
இதைக் கேட்காமல் யாரும் போனை வைக்கவில்லை.
பெருங்குடி ரிஷிகேஷிடம் கனடா போகிறேன் என்றேன்.
பெரம்பூர் ஆல்வினிடம் முதுகுவலி.
அது பாதி உண்மை. ஐந்து கிலோ இருநூறு,
கீழே காய்கறிக் கடைத் தராசில் நிறுத்தது.
குரோம்பேட்டைக்காரர் விலையைக் கேட்டதும்
"இதுக்கு ஒரு பழைய காரே வாங்கலாமே" என்றார்.
தாராளமாக வாங்குங்கள் என்றேன்.

நிலோஃபர் காரணம் கேட்கவில்லை.
அயனாவரத்திலிருந்து ஸ்கூட்டரில், ஜூன் வெயிலில் வந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமலே உறையின் ஜிப்பைத் திறந்தாள்.
கழுத்தின் பின்புறம் கட்டைவிரல் வைத்து
ஒரே இழுப்பாக இழுத்தாள்,
தி.நகரில் புடவையைத் திருப்பி
உள்பக்கம் பார்ப்பவளைப் போல.
இருபத்தோராவது ஃப்ரெட்டில் விரல் நின்றது.
"மெல்லிசுக் கம்பிக்குக் கீழ
இங்க ஒரு சின்னப் பள்ளம் இருக்கு."
நான்கு வருடம் என் வீட்டில் இருக்கிறது.
எனக்குத் தெரியாது.

பிறகு தடித்த பி-யைத் தட்டினாள்.
சமையலறையில் எவர்சில்வர் மூடி ஒன்று
தனக்குத்தானே அதிர்ந்தது.
"எடுத்துக்கறேன். மூணு லட்சம்தானே?
பேங்க் ஒரு நாளைக்கு ஒண்ணுதான் விடும்.
மூணு நாள்ல போடறேன், அப்புறம் எடுத்துட்டுப் போறேன்."
பேரம் பேசவில்லை.
நான்தான், பேசுவாள் என்று,
நாற்பதாயிரம் சேர்த்துச் சொல்லியிருந்தேன்.

கொட்டிவாக்கத்தில் செய்தது இது.
மரத்தை இரண்டு மழைக்காலம் ஏசி அறையில்
படுக்கவைத்துப் பிறகே உளி வைக்கிற மனிதர்.
"நாலா, அஞ்சா, ஆறா?" என்று கேட்டார்.
எனக்கு முன்னால் நின்றவன் ஐந்து என்றான்.
அதனால் ஆறு என்றேன்.
பதினான்கு மாதம் காத்திருந்தேன்.

மூன்று நாள், ஆறு கம்பி.
நாளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.
திங்கள் இரவு, டிங்.
பி-யும் ஈ-யும் அவளுடையவை.
சாலிகிராமத்து ஸ்டுடியோக்களில்
எனக்குச் சோறு போட்டது ஈ.
அதைத் துடைத்து வைத்தேன், வாசிக்கவில்லை.
அடுத்தவர் பொருள்.
செவ்வாய் மாலை, டிங். ஏ, டி.
தண்ணீர் லாரி வந்து போயிற்று,
மோட்டார் போட்டார்கள், நிறுத்தினார்கள்.
சோபாவில் அது சாய்ந்திருந்தது,
முழுதாக யாருக்கும் சொந்தமில்லாமல்.

மிச்சம் ஜி, சி.
மற்ற ஐந்தையும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.
சி மட்டும் கொட்டிவாக்கத்தில் கட்டியது,
கட்டிய பளபளப்போடு.
எந்த இசையமைப்பாளரும் அதைக் கேட்டதில்லை.
நானும் கேட்கவில்லை.
கீழே நில், அசையாதே, இதுதான் பேஸ்காரன் வேலை.
அதற்குத்தான் சம்பளம்.

இரவு பதினொன்றரைக்கு ஃபேனை நிறுத்தினேன்.
ஆம்ப் இல்லை.
உடலின் மேல்கொம்பில் தாடையை வைத்துக்கொண்டு
அந்தக் கம்பியில் ஏறினேன்.
பன்னிரண்டு வரை சுமார்.
பதினைந்தில் ஏதோ இருந்தது,
அடுத்த அறையில் யாரோ
தொண்டையைச் செருமிக்கொண்டு
பேசாமல் போனதுபோல.
பதினெட்டு, பத்தொன்பது. விரல் வலித்தது.
இருபத்தொன்றில் "டக்" என்று செத்தது ஸ்வரம்.
மறுபடி அழுத்தினேன். டக்.
தடவிப் பார்த்தேன்.
அரிசிக் குருணை அளவு.
செய்த அன்றே விழுந்திருக்கும்.
இதுவரை அங்கே
அவள் ஒருத்திதான் போயிருக்கிறாள்.

புதன் காலை பத்து மணி. டிங்.
உறையை முதுகில் மாட்டி, பட்டையை இழுத்துவிட்டு,
"வரேன் சார்" என்று இறங்கினாள்.
படியில் ஒருமுறை சுவரில் இடித்தது.
என் கை தானாக நீண்டது,
பிறகு கதவைப் பிடித்துக்கொண்டது.

உட்கார்ந்தேன்.
அவளுக்கு நாற்பதாயிரத்தைத் திருப்பி அனுப்பினேன்.
ஐந்து நிமிடத்தில் போன்.
கோயம்பேடு சிக்னலாக இருக்க வேண்டும்,
பின்னால் ஒரே ஹாரன்.
"எதுக்கு சார் இது? ஏன்?"

பள்ளத்துக்கு, என்றேன்.